பதினோரு கொன்றைகளும் ஒரு படித்த பூச்சியும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். உரமூட்டையில் தேதி எழுதுவதும் செடித் தொட்டியில் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும்தான் இத்தனை வருடமாக என் எழுத்து வேலை. எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, வாராவாரம் இந்தப் பக்கத்தை நான் பிடித்துவைத்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் ஃபாதர், "அருள்மேரி, படிச்சேன்" என்றார். நன்றாக இருந்ததா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த வாரம் எழுதப்போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி.

சீனப் பெருநாள் முடிந்து, வெயில் தலைக்கு மேல் நின்ற நாட்கள். ஒரு புதன்கிழமை சாயங்காலம். சிம்பாங் பூலாய்க்குப் போகும் வழியில் ஒரு தாமான், வரிசை வீடுகள் கொண்ட குடியிருப்பு. நுழைவாயிலிலிருந்து மண்டபம் வரை சாலையோரத்தில் பதினோரு சரக்கொன்றை மரங்கள். நான்காவது மரத்தைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றார்கள்.

நடுவில் டாக்டர் ஷாமினி. மனிதர்களுக்கு ஊசி போடும் டாக்டர் இல்லை. செடிகொடிகளின் நோய்களைப் படித்துப் பட்டம் வாங்கியவர். முப்பது வயதுதான் இருக்கும். சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, மரப்பட்டையில் ஓடிய ஒரு கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாயிலிருந்து "நோய்" என்ற சொல் வந்தால் மறுநாள் காலை பதினோரு மரமும் விழும். வெட்டுகிறவர்களுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

நான் எங்கள் லாரிக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கோடு என்னவென்று எனக்குத் தெரியும்.

கடுகும் மிளகும்

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு சின்னக் கம்பெனி. தாமான்கள், பள்ளிக்கூடங்கள், தொழிற்சாலை வாசல்கள் என்று பல இடங்களின் மரஞ்செடிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். முதலாளி ஆ ஹோங். லாரி ஓட்டுவது சரோஜா. அவள் ஈப்போ டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். என்னைவிட மூன்று வயது இளையவள்; என்னைவிட முப்பது மடங்கு பேசுவாள்.

புல் வெட்டுவதும் கிளை கழிப்பதும் எல்லாரும் செய்வோம். பூச்சியும் நோயும் பார்ப்பது மட்டும் என் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, தானாக வந்து சேர்ந்தது. பேசக் கூச்சப்படுகிறவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். தரையைப் பார்த்தால் பூச்சி தெரியும்.

புழு மேலே இலைக்குள் ஒளிந்திருக்கும். அதன் எச்சம் கீழே கிடக்கும். சரோஜாவுக்குச் சொல்லும்போது சமையலறைக் கணக்கில் சொல்வேன். கடுகு போல இருந்தால் புழு இன்னும் சின்னது, மருந்து அடிக்கலாம். மிளகு போல இருந்தால் அது தின்று முடித்துக் கூட்டுக்குள் போகிற நேரம், மருந்து வீண்.

இலையெல்லாம் கரி பூசின மாதிரி கறுத்திருந்தால் குற்றம் அந்த இலையில் இல்லை. மேலே எங்கேயோ செதில்பூச்சி உட்கார்ந்து இனிப்புத் தண்ணீர் விடுகிறது, அது சொட்டிய இடத்தில் பூஞ்சை பிடிக்கிறது. எறும்பு ஏறுகிற வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால், அதுவே நம்மைப் பூச்சியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும்.

செம்பருத்தியின் கொழுந்து சுருண்டு, கோதுமை மாவு தூவினது போல இருந்தால் மாவுப்பூச்சி. அது வெயில் மாதங்களின் விருந்தாளி. மழை மாதங்களில் இட்லிப்பூச் செடிக்கு இலைப்புள்ளி வரும்.

இதெல்லாம் யாரிடமும் போய்ப் படித்ததில்லை. ஒரு மாதா திருநாளுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் வாசலில், வெள்ளைப் பூப் பூக்கும் கம்போஜா மரத்தடியில் நின்றேன். கிளை தோளில் உரசியது. பக்கத்தில் நின்ற அக்கா, "ஐயோ, கறிக்கு மஞ்சத்தூளு போட்டுட்டு அப்படியே வந்துட்டியா?" என்றார்.

இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் பொடி, விரலில் ஒட்டியது. துருநோய் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று ஃபாதர் என்ன பிரசங்கம் வைத்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த இலை என் பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது. பூசை முடியும்வரை அதைத்தான் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொட்டை

அந்தத் தாமானுக்கு வருகிறேன். பதினோரு கொன்றையும் நாங்கள் வைத்தவை. ஒன்பது வருடம் இருக்கும். ஒருமுறை குழாய் பழுதாகித் தண்ணீர் வராமல் போனபோது, நானும் சரோஜாவும் மூன்று வாரம் வாளியில் தூக்கி ஊற்றினோம். பூக்கிற காலத்தில் அந்தச் சாலையில் மேலும் மஞ்சள், கீழும் மஞ்சள். ஈப்போவிலிருந்து கல்யாண ஜோடிகள் படமெடுக்க வருவார்கள்.

அந்த வருடம் பூவுக்கு முன்னால் பச்சைப் புழு வந்துவிட்டது. நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் போவோம். போய்ப் பார்த்தபோது பதினோரு மரத்திலும் குச்சிதான் இருந்தது.

குடியிருப்பாளர் சங்கத் தலைவர் நடராஜா சார் சாலை நடுவிலேயே எங்களை மறித்தார். ஓய்வுபெற்ற அரசாங்க குமாஸ்தா. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. "நான் ஈப்போ டவுன்காரன்" என்று எந்தப் பேச்சிலும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

"என்னாம்மா இது? ஒரு வாரத்துல அத்தனையும் மொட்டை! செத்துப்போச்சா?"

நான் தரையைப் பார்த்தேன். மிளகு. இனி மருந்து வேண்டாம், புழுவெல்லாம் கூட்டுக்குள் போய்விட்டது, சில வாரத்தில் இலை திரும்ப வந்துவிடும் என்று சொல்ல நினைத்தேன். வெளியே வந்தது, "புழு சார்" என்பது மட்டும்தான்.

மீதியைச் சரோஜா முடித்தாள். "அக்கா சொன்னா சரியா இருக்கும் லா, சார். அவங்க பூச்சிகூட மட்டுந்தான் பேசுவாங்க."

ஆ ஹோங்குக்குத் தொலைபேசியில் சொன்னோம். மரத்துக்கு உயிர் இருப்பது நிச்சயமா என்று அவர் மலாயில் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

மொட்டை மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். பட்டையைக் கொஞ்சம் கீற வேண்டும். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. என் இடுப்பில் எப்போதும் ஒரு பழைய கத்தி இருக்கும். ஒவ்வொரு மரமாகக் கீறிக்கொண்டு போனேன். பதினொன்றும் பச்சை. அரை மணி நேர வேலை. "உயிர் இருக்கு" என்று ஆ ஹோங்குக்குச் சொல்லிவிட்டு மறந்துவிட்டேன்.

கந்தகம் மணக்கும் காலை

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் எட்டு வருடம் பால் வெட்டினேன். பதினாறு வயதில் கத்தி பிடித்தேன். இப்போது அங்கே பாதி செம்பனை, பாதி வீடுகள்.

பால்மரமும் வருடத்துக்கு ஒருமுறை இலையைக் கொட்டும். பிறகு செம்பு நிறத்தில் கொழுந்து வரும். அந்தக் கொழுந்தில் வெள்ளைப் பூஞ்சை படியும். அதற்குக் கந்தகத் தூள் அடிப்பார்கள். பனி விலகாத காலையில் இயந்திரம் நிரை நிரையாகப் போகும். மஞ்சள் புகை மரங்களுக்கிடையில் எழும்பும். எங்கள் தலைமுடியெல்லாம் பட்டாசு நாற்றம். "தீபாவளி வந்துருச்சு டீ" என்று கத்திக்கொண்டே புகைக்குள் ஓடுவோம். கங்காணி பின்னால் நின்று திட்டுவார். புகைக்குள் நாங்கள் அவர் கண்ணுக்குத் தெரிய மாட்டோம்.

பால் வெட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கோடு இடது பக்கம் உயரத்தில் தொடங்கி வலது பக்கம் சாய்ந்து இறங்க வேண்டும். பட்டையோடு நிற்க வேண்டும். உள்ளே மரத்தைத் தொட்டால் அதற்குப் பெயர் காயம். காயம் பட்டால் அன்றைக்குத் தோட்டம் முழுக்கக் கேட்கும்படி வசவு விழும். எனக்குக் காயம் பட்டது குறைவு. பேச்சில் இல்லாத தைரியம் எனக்குக் கத்தியில் இருந்தது.

நான் கேக் வெட்டினாலும் துண்டு சாய்வாகத்தான் வரும் என்று என் மகள் இன்றைக்கும் சிரிப்பாள்.

கறுப்புக் கோடு

மரங்களைக் கீறி இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு சனிக்கிழமை சரோஜா தன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அந்தத் தாமானின் வாட்ஸ்அப் குழுவில் அவளும் இருக்கிறாள்.

"பாருங்க லா அக்கா. மஞ்சப்பூ மரத்துல ஏதோ சீக்கு."

பதினோரு படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கறுத்த கோடு. கோட்டின் கீழ் முனையில் இரத்தம் வழிந்து காய்ந்தது போலப் பிசின்.

வண்டு என்றார் ஒருவர். மின்னல் என்றார் இன்னொருவர். ஒன்பதாம் எண் வீட்டு லெட்சுமி அக்கா குரல் பதிவே அனுப்பியிருந்தார்: "எல்லா மரத்துலயும் ஒரே ஒசரம், பாத்தீங்களா? யாரோ செய்வினை வச்சிருக்காங்க."

கடைசியாக நடராஜா சார் எழுதியிருந்தார். இது தொற்று. வீட்டு மாமரங்களுக்குப் பரவுவதற்கு முன்னால் வெட்டிவிட வேண்டும். வியாழக்கிழமை காலை ஆள் வருகிறது.

கொன்றைப் பட்டையைக் கீறினால் சிவந்த சாறு கசியும். காய்ந்தால் கறுக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். படத்தைப் பெரிதாக்கினேன். இடது பக்கம் மேலே, வலது பக்கம் கீழே. எல்லாம் என் நெஞ்சு உயரம். நகத்தளவு கீற வேண்டிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இழுத்திருக்கிறேன். கத்தி கைக்கு வந்ததும் கை அதன் பாட்டுக்குப் பால் வெட்டியிருக்கிறது. பால் பிடிக்கும் மங்கு கட்டாததுதான் பாக்கி.

"ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றாள் சரோஜா.

"ஒண்ணுமில்ல."

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தேன். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அதற்குச் சொல்ல முடிந்தது. சங்கத்தின் பதினைந்து முகங்களை நினைத்தால் வாக்கியம் பாதியில் நின்றது. சொல்லாவிட்டால் மரம் போகும். சொன்னால் ஆ ஹோங் முகத்தில் எப்படி விழிப்பது? அவர் வேறு, மரங்களைக் காப்பாற்றத் தன் சொந்த முயற்சியில் டாக்டர் ஷாமினியை வரச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை லாரியில் போகும்போது சரோஜாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் லாரியை ஓரம் கட்டினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த கார்காரர் இறங்கி வந்து என்ன ஆச்சு என்று கேட்கும்வரை சிரித்தாள்.

"நீ சொல்லிரு சரோ" என்றேன்.

"மாட்டேன். உங்களுக்காக நான் எத்தனையோ பேசியிருக்கேன் லா. இது உங்க வாயால வரணும்."

மரத்தடியில்

டாக்டர் ஷாமினி பூதக்கண்ணாடியை இறக்கினார்.

"வண்டு தொளச்ச ஓட்ட இல்ல. மரத்தூள் இல்ல. பூஞ்சையும் இல்ல" என்றார். "விசித்திரமா இருக்கு. பதினொண்ணுலயும் ஒரே சாய்வு, ஒரே ஆழம். பட்டையோட நின்னிருக்கு, உள்ள மரத்த தொடவே இல்ல. இது பூச்சி வேலையா இருந்தா, நல்லா படிச்ச பூச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். சரோஜா என் விலாவில் இடித்தாள். "அக்கா, உங்களத்தான் சொல்றாங்க."

எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்றேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"படிக்கல" என்றேன். "படிவம் மூணுதான்."

யாருக்கும் புரியவில்லை. எனக்கே புரியவில்லை. மறுபடியும் தொடங்கினேன்.

"நான்தான் கீறுனேன். உயிர் இருக்கான்னு பாக்க. பழக்கத்துல கத்தி நீளமா போயிருச்சு. நோயெல்லாம் இல்ல."

நடராஜா சார் என்னை இரக்கமாகப் பார்த்தார். "நீ வச்ச மரம், பாசம் இருக்கும். அதுக்காகப் பொய் சொல்லலாமா? மனுசக் கையில வர்ற கோடா இது? அளவுகோல் வச்சாக்கூட வராதே."

எனக்கு அழுகை வரப் பார்த்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தையில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

சரோஜா லாரிப் பின்பக்கம் ஏறி, காலையில் வேறோர் இடத்தில் கழித்த ஒரு தடித்த கிளையை உருட்டித் தள்ளினாள். அதைச் செங்குத்தாக நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வெட்டிக் காட்டுங்க" என்றாள்.

கத்தியை எடுத்தேன். பேச வேண்டியதில்லை என்று ஆனதும் கை தானாக வேலையைத் தொடங்கியது. பட்டை சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. பச்சை வாசனை. மரத்தைத் தொடாமல் கோடு இறங்கியது.

டாக்டர் ஷாமினி கிளையையும் கொன்றையையும் மாறி மாறிப் பார்த்தார். நடராஜா சார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். விரலால் கோட்டைத் தடவினார்.

"சாய்வு பத்தல" என்றார். "இன்னும் கொஞ்சம் எறக்கணும். இப்படி வெட்டுனா பாலு வழியிலேயே நிக்கும், மங்குக்கு வராது."

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"சார்!" என்றாள் சரோஜா. "நீங்க டவுன்காரராச்சே?"

அவர் பேனாக்களைச் சரிசெய்தார். "டவுன்தான். அதுக்கு முன்னால கொஞ்ச நாள்... தாப்பாவுக்கு உள்ள ஒரு தோட்டம். ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு ரெண்டு நிரை வெட்டிக் குடுப்பேன்."

கூட்டத்திலிருந்து லெட்சுமி அக்கா முன்னால் வந்தார். "நான் மொத நாளே நெனச்சேன், பாத்தா பால்வெட்டு மாதிரி இருக்கேன்னு!"

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?" என்றார் நடராஜா சார்.

"மஞ்சப்பூ மரத்துல எவன் பால் வெட்டுவான்? அதான் செய்வினைன்னு முடிவு பண்ணேன். அதுவும் இல்லாம, நீங்க டவுன்காரரு. ஒங்க முன்னால போயி எனக்குப் பால்வெட்டுத் தெரியும்னு எப்படிச் சொல்றது?"

"நானும் நெனச்சேன்" என்றார் பின்னால் நின்ற ஒருவர். "நானுந்தான்" என்றார் அவர் பக்கத்தில் நின்ற அண்ணன். எண்ணிப் பார்த்தால் ஏழு பேர். ஏழு பேருக்கும் அந்தக் கோடு என்னவென்று முதல் நாளே தெரிந்திருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு, மரத்தை வெட்டச் சம்மதித்திருக்கிறார்கள்.

முதலில் சிரித்தது லெட்சுமி அக்கா. பிறகு எல்லாரும். நடராஜா சார் சிரித்ததில் ஒரு பேனா கீழே விழுந்தது.

அப்புறம் அந்தக் கிளைக்குப் பட்ட பாடு! ஆளாளுக்கு என் கத்தியைப் பிடுங்கினார்கள். "நவருங்க, நான் காட்டுறேன்." "அண்ணே, இது காயம். கங்காணி இருந்தா தோலை உரிச்சிருப்பாரு." நடராஜா சாரின் கோடு பாதியில் கோணிப்போனது. கத்தி மொட்டை என்றார். லெட்சுமி அக்கா அதே கத்தியை வாங்கி ஒரே இழுப்பில் வழுக்கிவிட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

டாக்டர் ஷாமினி பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்சம் சத்தம் குறைந்ததும், "எல்லாம் சரி. இலையெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார்.

"அண்ணாந்து பாருங்க" என்றேன்.

சனிக்கிழமையிலிருந்து அத்தனை பேரும் அடிமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் மேலே பார்க்கவில்லை. குச்சி நுனியெல்லாம் கொழுந்து விட்டிருந்தது. சாயங்கால வெயில் அந்தக் கொழுந்தை ஊடுருவிக்கொண்டு வந்தது. கிளைகளின் அடியில் காலியான கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எலுமிச்சை நிறத்தில் பட்டாம்பூச்சிகள், இருபதோ முப்பதோ, பதினோரு மரத்துக்கும் இடையில் போய்வந்துகொண்டிருந்தன.

"இதுங்கதான் இலையத் தின்ன புழு" என்றேன். "இப்ப திரும்ப முட்டை வைக்க வந்திருக்கு. இந்தத் தடவ நான் சீக்கிரம் வந்து பாக்குறேன். எச்சம் கடுகளவு இருக்கும்போதே புடிச்சிரலாம்."

கடுகு என்றால் என்ன, மிளகு என்றால் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். நான் சொன்னேன். மாமரத்துக்குக் கேட்டார்கள், செம்பருத்திக்குக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சொன்னேன். அரை மணி நேரம் பேசினேன் என்கிறாள் சரோஜா. அவள் எதையும் கூட்டித்தான் சொல்வாள்.

"அக்கா, ஒண்ணு மட்டும்" என்று டாக்டர் ஷாமினி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த தடவ நகத்தளவு போதும். ஒரு சாண் கீறுனா நெஜமாவே நோய் உள்ள பூந்துரும்."

"சரிங்க டாக்டர்."

"கோடு அழகா இருக்கு. அது வேற விஷயம்."

நடராஜா சார் ஓரமாகப் போய், மரம் வெட்டுகிறவர்களுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "நாளைக்கு வர வேணாம் லா. இல்ல, மரத்துக்கு ஒண்ணும் இல்ல. என்னா பூச்சியா? அது... வேணாம், நேர்ல சொல்றேன்."

மறுநாள் யாரும் வெட்ட வரவில்லை. நானும் சரோஜாவும் எட்டு மணிக்குப் போய்ப் பதினோரு மரத்துக்கும் உரம் வைத்தோம். பத்தரைக்கு மழை பிடித்தது. லாரிக்குள் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டோம்.